டயானாவைத் தாமிரத் தகட்டில் வரைவோம்: எட்சிங் முதல் பாடம்

வேலையைத் தொடங்கும் முன், டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் சுமார் 1631இல் செய்த ‘நீராடும் டயானா’ எட்சிங்கைத் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள். உலோகத் தகட்டில் கோடுகளை ரசாயனத்தால் அரித்து, அவற்றில் மை நிரப்பி அச்சிடுவதுதான் எட்சிங். அவள் ரோமானியர்களின் வேட்டைத் தெய்வம் என்று காட்டுவது அருகில் கிடக்கும் அம்பறாத்தூணிதான். அதை மறைத்துவிட்டால், கரையில் உட்கார்ந்து நம்மைத் திரும்பிப் பார்க்கும் சாதாரணப் பெண். பளிங்குச் சிலை போன்ற உடல் இல்லை. வயிற்று மடிப்பு வரை தெரிகிறது. அந்தச் சதையை உருவாக்குபவை சின்னச் சின்னக் கோடுகள். நாம் பழகப்போவதும் அதைத்தான்.

1. உள்ளங்கை அளவுத் தாமிரத் தகட்டின் ஓரங்களை அரத்தால் சரித்துத் தேயுங்கள். இல்லையென்றால் காகிதம் கிழியும். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, அரிப்பைத் தடுக்கும் எட்சிங் மெழுகை மெல்லியதாகப் பூசுங்கள்.

2. காகிதத்தில் வரைந்த படத்தைத் தகட்டின் மேல் வைத்துக் கோடுகளை அழுத்தி வரைந்து படியெடுங்கள். ரெம்பிராண்டும் இப்படித்தான் செய்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய டயானா சித்திரத்தில் அந்த அழுத்தத் தடம் இருக்கிறது. அச்சில் இடம் வலமாக மாறும்.

3. ஊசியால் மெழுகை மட்டும் கீறுங்கள், தாமிரத்தைத் தோண்ட வேண்டாம். உடலின் வளைவோடு குட்டைக் கோடுகள். ஒளி படும் தோளில் ஒன்றுமே வேண்டாம். வெறும் காகிதம்தான் அங்கே வெளிச்சம்.

4. இனி அரிப்பு. நைட்ரிக் அமிலத்தைத் தொடாதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஃபெரிக் குளோரைடு போதும். கையுறை, கண்ணாடி, பிளாஸ்டிக் தட்டு கட்டாயம். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. தகட்டைக் கவிழ்த்து வையுங்கள், கசடு கோட்டில் தங்காது.

ரெம்பிராண்ட் வாழ்ந்த பரோக் கலைக் காலத்தின் இருளும் ஒளியும் பிறப்பது இந்தக் கட்டத்தில்தான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் எடுத்துக் கழுவி, மெலிதாக வேண்டிய சதைக் கோடுகளை வார்னிஷால் மூடிவிட்டு மறுபடி அமிழ்த்துங்கள். மரநிழல் இன்னும் ஆழமாக அரிக்கட்டும். கரைசலின் வலிமையும் வெப்பமும் நேரத்தை மாற்றும் என்பதால், ஓரத்தில் சோதனைக் கோடுகள் போட்டு வையுங்கள். பிரான்சின் ழாக் கல்லோ இப்படிப் படிப்படியாக அரிப்பதில் வித்தகர்.

5. மெழுகைத் துடைத்து, மையைக் கோடுகளுக்குள் அழுத்தித் தேய்த்து, மேற்பரப்பை விறைப்பான வலைத்துணியால் வழித்தெடுங்கள். ஈரக் காகிதம், மேலே கம்பளித் துணி, அப்புறம் உருளை அச்சு இயந்திரம். அருகிலுள்ள ஓவியக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்.

முதல் அச்சில் நிழல் வெளிறியிருந்தால், தகட்டிலேயே கூரிய ஊசியால் நேரடியாகக் கீறலாம். 1659இல் ‘ஜூபிடரும் அந்தியோப்பேயும்’ செய்தபோது ரெம்பிராண்ட் எட்சிங்கோடு இந்த உலர் ஊசிக் கோடுகளையும் சேர்த்தார். கீறலின் விளிம்பில் எழும் பிசிறு மையைப் பிடித்துக்கொண்டு வெல்வெட் போன்ற கருமை தரும். சில அச்சுகளிலேயே அது நசுங்கிவிடும் என்பதால் நல்ல காகிதத்தை முதலில் பயன்படுத்துங்கள்.