காரை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப் போகிறீர்களா?

ஓடாத கார்தானே என்று விட்டுவிடாதீர்கள். அலாரமும் கடிகாரமும் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். முதலில் முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் (வோல்ட் அளக்கும் கருவி) 12.6 வோல்ட்டாவது காட்டினால் சரி. அப்புறம் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, திரும்பவும் முனையில் பட்டுவிடாதபடி பழைய துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள். பேட்டரி டிக்கிக்குள் இருந்தால் கவனம்: கழற்றியபின் மூடினால் பட்டனை அழுத்தித் திறக்க முடியாது. (பட்ட அனுபவம்!)

மாதம் ஒருமுறை வோல்ட் பாருங்கள். 12.4க்குக் கீழே இறங்கினால் உடனே சார்ஜ் போடுங்கள். காலியாகவே கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது வீண்வேலை. அதற்குள் பேட்டரியில் போதுமான சார்ஜ் ஏறாது.