“ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்” என்று விட்டால்: சரக்குப் போக்குவரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி.எச்.ஏ.விடம் (சுங்க வேலைகளைச் செய்துதரும் ஏஜென்ட்) பேப்பரைக் கொடுத்ததோடு பொறுப்பும் கைமாறிவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு. சுங்கச் சட்டம் 1962, பிரிவு 147 நேர்மாறாகச் சொல்கிறது. ஏஜென்ட் செய்தது எல்லாம் உரிமையாளருக்குத் தெரிந்தே, அவர் சம்மதத்தோடு நடந்ததாகக் கொள்ளப்படும்; இல்லை என்றால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். எச்.எஸ். கோடைத் (சரக்கின் வகையைக் குறிக்கும் எண்) தப்பாகத் தட்டியது ஏஜென்ட் ஆபீஸ் பையனாக இருக்கலாம், நோட்டீஸ் வருவது உங்கள் ஐ.இ.சி.க்கு (ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு எண்). சாதாரணத் தவறுக்குக் குறைந்த வரியைக் கேட்டுச் சுங்கத்துறை 2 ஆண்டுவரை பின்னோக்கிப் போகும். வேண்டுமென்றே மறைத்ததாக முடிவானால் 5 ஆண்டு, வரிக்குச் சமமான அபராதமும் சேரும். 15 சதவீத வட்டி இரண்டுக்கும் உண்டு. பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்காகச் சுங்கத்துறைக்குத் தரும் விவரப்படிவம்) தாக்கலாகும் முன் ஏஜென்ட் அனுப்பும் செக்லிஸ்ட்டைப் படிக்காமல் வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ போடாதீர்கள். கோடு, மாடல், அளவு, மதிப்பு, சலுகை நோட்டிஃபிகேஷன் எண் ஆகிய ஐந்தையும் இன்வாய்ஸோடு ஒப்பிடப் பத்து நிமிடம் போதும்.

அதே செக்லிஸ்ட்டில் பலர் தாண்டிப்போகிற வரி ஒன்று உண்டு: ஃப்ரைட். எஃப்.ஓ.பி. விலை (கப்பலில் ஏற்றும்வரையிலான விலை) 10 லட்சம், கப்பல் வாடகை 90,000 என்று வையுங்கள். ஃபார்வர்டரின் (சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்பவர்) பில் கைக்கு வரவில்லை, தொகை தெரியவில்லை என்றால் எஃப்.ஓ.பி. விலையில் 20 சதவீதத்தை, அதாவது 2 லட்சத்தை, வாடகையாகச் சேர்ப்பார்கள். இன்ஷூரன்ஸ் தெரியாவிட்டால் அதற்கு 1.125 சதவீதம். வாடகையில் மட்டும் 1,10,000 கூடுதல் மதிப்புக்கு வரி கட்டுகிறீர்கள். ஐ.ஜி.எஸ்.டி.யைக் (இறக்குமதி மீதான ஜி.எஸ்.டி.) கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம், அடிப்படைச் சுங்க வரி போனது போனதுதான்.

ஒரிஜினல் பி.எல். (பில் ஆஃப் லேடிங், சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) பேங்கில் இருக்கிறது, வரட்டும் என்று பில் ஆஃப் என்ட்ரியைத் தள்ளிப்போடுவதும் வீண் செலவு. ஒரிஜினல் தேவைப்படுவது டெலிவரி ஆர்டர் (சரக்கை ஒப்படைக்கச் சொல்லும் கடிதம்) வாங்க. தாக்கலுக்கு நகல் போதும். பொதுவாகக் கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கலாகியிருக்க வேண்டும், விடுமுறையும் கணக்கில் வரும். தாமதித்தால் முதல் 3 நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000. ஆறு நாள் தூங்கினால் 45,000. சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் கிடங்கு) வாடகையும் லைன்காரரின், அதாவது கப்பல் நிறுவனத்தின், டிடென்ஷனும் (கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பித் தருவதற்கான கட்டணம்) வேறு கணக்கு.

‘சி.ஐ.எஃப். விலைதானே (சரக்கு, இன்ஷூரன்ஸ், கப்பல் வாடகை மூன்றும் சேர்ந்தது), வழியில் என்ன ஆனாலும் விற்றவர் பாடு’ என்பது எங்கும் கேட்கிற பேச்சு. சுத்தத் தப்பு. சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் கப்பலில் ஏறியதுமே இடர் வாங்குபவர் தலையில். விற்றவர் எடுத்துத்தரக் கடமைப்பட்டது விலையில் 110 சதவீதத்துக்கு குறைந்தபட்சப் பாதுகாப்பு தரும் ‘சி’ வகை பாலிசி மட்டுமே. திருட்டு அதில் அடங்காது. பரந்த பாதுகாப்புள்ள ‘ஏ’ வகை வேண்டுமென்றால் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

ஏற்றுமதியாளர்கள் கோட்டைவிடுவது பி.எல். வாசகத்தில். தூத்துக்குடியிலிருந்து 400 அட்டைப்பெட்டி போகிறது, பெட்டிக்கு 12 கிலோ. கப்பல் நிறுவனத்தின் பொறுப்புக்கு வரம்பு பெட்டிக்கு 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., எது அதிகமோ அது. (எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு.) பி.எல்.லில் ‘400 பெட்டி’ என்றிருந்தால் உச்சவரம்பு ஏறத்தாழ 2,66,668 எஸ்.டி.ஆர். ‘ஒரு கன்டெய்னர்’ என்று மட்டும் போட்டால் கன்டெய்னரே ஒரு பெட்டி. எடைக் கணக்கில் 9,600 எஸ்.டி.ஆர்.தான் தேறும். டிராஃப்ட் பி.எல். வரும்போது திருத்தச் செலவில்லை. கப்பல் போன பிறகு கேட்டால் கட்டணமும் கெஞ்சலும்.

சரக்கை எடுப்பவர் கதவைத் திறக்கும் முன் சீல் எண்ணைப் பி.எல்.லோடு ஒப்பிட்டுப் படமெடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சேதத்தை டெலிவரி எடுக்கும்போதே எழுத்தில் கொடுக்க வேண்டும், உள்ளே மறைந்திருந்ததை 3 நாளுக்குள். கப்பல் சரக்குக்கு வழக்குப் போட ஓராண்டு. விமான சரக்கானால் சேதத்துக்கு 14 நாள், தாமதத்துக்கு 21 நாள், வழக்குக்கு 2 ஆண்டு. லைனுக்கு மெயில் போட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதால் இந்தக் கெடு நிற்காது. நீட்டிப்பு வேண்டுமானால் அதை எழுத்தில் வாங்க வேண்டும்.