ஈகிள் ஸ்கவுட் சேவைத் திட்டம்: ஆணி அடிக்கும் முன் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் ஸ்கவுட் (சாரணர்) பிள்ளைகள் எட்டக்கூடிய உச்ச நிலை ஈகிள் ஸ்கவுட். 21 மெரிட் பேட்ஜ் (ஒவ்வொரு துறையிலும் கற்றுத் தேறியதற்கான சின்னம்), ஈகிளுக்கு முந்தைய படியான லைஃப் நிலையில் ஆறு மாதப் பொறுப்பு, அப்புறம் ஒரு சேவைத் திட்டம், இதெல்லாம் 18 வயது நிறைவதற்குள் முடிய வேண்டும். கடைசி நேர்காணல் மட்டும் பிறகு நடக்கலாம்.

முதலில் யாருக்காகச் செய்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பள்ளி, கோவில், தேவாலயம், பூங்கா எதுவானாலும் சரி, லாபம் பார்க்கும் கடையோ ஸ்கவுட் அமைப்போ கூடாது. அவர்களுக்கு என்ன தேவை என்று நேரில் போய்க் கேளுங்கள், நீங்களாக ஒரு பெஞ்சைக் கொண்டுபோய்த் திணிக்காதீர்கள்.

அடுத்தது முன்மொழிவு. பயனடையும் அமைப்பு, ஸ்கவுட் மாஸ்டர் (உங்கள் குழுவின் தலைவர்), குழுவின் கமிட்டி, ஸ்கவுட் அமைப்பின் வட்டாரக் கிளையான கவுன்சில் அல்லது அதன் உட்பிரிவான மாவட்டம் என நான்கு தரப்பும் கையெழுத்துப் போடும்வரை ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள், ஆர்வக்கோளாறில் முன்கூட்டியே ஆரம்பித்தால் அத்தனை உழைப்பும் கணக்கில் வராமல் போகலாம். வெளியாரிடம் நன்கொடை திரட்ட நினைத்தால் அதற்கும் தனி அனுமதி தேவைப்படலாம்.

இத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பார்ப்பது தலைமையை. உங்களைத் தவிர குறைந்தது இரண்டு பேரையாவது வழிநடத்த வேண்டும், அதனால் சுத்தியலை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வேலையைப் பிரித்துக் கொடுங்கள் (அப்பாவிடம் மொத்தத்தையும் தள்ளிவிடுவது வழிநடத்துவது ஆகாது). யார் எத்தனை மணி நேரம் வந்தார்கள் என்பதை அன்றன்றே குறித்து வையுங்கள், இறுதி அறிக்கையில் கேட்பார்கள்.