நண்பர் எடுத்த படத்தைப் பார்ப்பதும் கருத்துச் சொல்வதும்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

மலையகத்தில் ஒளிப்படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் தங்கள் படங்களை ஒருவருக்கொருவர் காட்டும்போது கிடைக்கும் பதில், பெரும்பாலும் "சூப்பர்" என்பதோடு அல்லது "கொஞ்சம் இருட்டு" என்பதோடு முடிந்துவிடுகிறது. படத்தின் எந்த இடம், எதனால் என்று சொல்லாதவரை இரண்டாலும் எடுத்தவருக்குப் பயனில்லை.

படி 1: வெயிலில் நின்று கைபேசியில் பார்த்தால் எந்தப் படமும் இருட்டாகவே தெரியும். நிழலுக்குச் சென்று, திரையின் வெளிச்சத்தைக் கூட்டி, சிறிது நேரம் பேசாமல் பாருங்கள். கண் முதலில் எங்கே போனது, எங்கே போய் நின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: எதைக் காட்ட நினைத்தார் என்று எடுத்தவரிடமே கேளுங்கள். இதைக் கேட்காமல் சொல்லும் குறை, பெரும்பாலும் நம் ரசனையைப் பற்றியதாகவே இருக்கும்.

படி 3: வெளிச்சத்தைப் பாருங்கள். நுவரெலியா, ஹப்புத்தளைப் பக்கத்துப் படங்களில் அடிக்கடி காணப்படும் குறை, வெள்ளை மூடுபனி அழுக்குச் சாம்பல் நிறமாக மாறிவிடுவதுதான். காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பலாக எண்ணியே கமராவின் ஒளியளவி கணக்கிடுவதால், பனி நிறைந்த காட்சியை அது தானாகவே இருட்டாக்கிவிடுகிறது. ஹிஸ்டோகிராம் (படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) நடுவில் குவிந்து, வலப்பக்கம் வெறுமையாக இருந்தால், கமரா கணக்கிட்ட வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்க உதவும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 அளவுக்கு உயர்த்திப் பார்க்குமாறு சொல்லலாம். மழைக்கு முந்திய இறுக்கத்தைத்தான் காட்ட விரும்பினேன் என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தால், அதே சாம்பல் நிறம் குறையாகாது.

படி 4: தெளிவின்மைக்குக் காரணம் தேடுங்கள். முகம் மங்கி, பின்னாலுள்ள தேயிலைச் செடி கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. கொழுந்து பறிக்கும் விரல்கள் மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் திறந்து மூடும் வேகம் குறைவு, ஆனால் அது வேண்டுமென்றே செய்ததாகவும் இருக்கலாம். 48 வயதில் கமராவைக் கையில் எடுத்த 19ஆம் நூற்றாண்டு ஆங்கில ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனின் படங்களை, தெளிவில்லாதவை என்று அவர் காலத்து இங்கிலாந்து விமர்சகர்கள் பலர் ஒதுக்கினார்கள். இன்று அந்த மென்மைக்காகவே அவை போற்றப்படுகின்றன. தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்த அவர் 1879இல் இலங்கையில் காலமாகி, நம் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

படி 5: சாய்வைப் பாருங்கள். மலைச்சரிவை நம்பி அளக்க முடியாது. லயத்துச் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) சுவரின் மூலையோ மின்கம்பமோ நேராக நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

படி 6: 1921இல் திறக்கப்பட்ட தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை எடுத்துவந்தால், "எல்லாரும் எடுத்ததுதானே" என்று தள்ளிவிடாதீர்கள். எடுத்தவர் எந்த வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார், வழக்கமான மேட்டை விட்டு எங்கே நின்றார் என்பதைத் தேடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், அதையே மரியாதையோடு சொல்லலாம்.

படி 7: சொல்லும் முறை. நல்லதையும் குறையையும் இடஞ்சுட்டி, மாற்று வழியோடு சொல்லுங்கள். உதாரணமாக: "தம்பி, கூடைக் கயிறு தலையில் அழுந்தும் இடத்தில் வெளிச்சம் விழுந்திருப்பதால் அந்த அம்மாவின் பாரம் அப்படியே தெரிகிறது. ஆனால் வலது ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்ட கொழுந்துச் சாக்கு கண்ணை இழுக்கிறது. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் அது சட்டத்துக்குள் வந்திருக்காது." ஒரே அமர்வில் பத்துக் குறைகளை அடுக்காமல், அடுத்த முறை திருத்தக்கூடிய ஒன்றிரண்டை மட்டும் சொல்லுங்கள்.

ஆட்கள் இருக்கும் படமென்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: அவர்களிடம் கேட்டு எடுத்தாரா? வேலைத்தலத்தில் நிற்பவர்களைச் சுற்றுலாப் பயணிகள் கேட்காமலே படமெடுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. நம்மவர்களும் அதையே செய்வதை ஒளியமைப்பு நன்றாக இருக்கிறது என்பதற்காக விட்டுவிட முடியாது. கேட்காமல் எடுத்திருந்தால், படத்தை அவர்களிடம் காட்டிச் சம்மதம் பெற்ற பிறகு வெளியிடுமாறு சொல்லுங்கள்.