வெளிநாட்டில் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் தாய்மார்களுக்கு

விடுப்பு முடியப்போகிறது என்றதும் பால் பவுடர் வாங்க ஓடாதீர்கள். வேலை நேரத்தில் பம்ப் வைத்துத் தாய்ப்பால் எடுக்க பல நாடுகளில் சட்டமே இடம் தருகிறது. வேலை விசாவில் வந்திருந்தாலும் அது உங்களுக்கும் பொருந்தும். ஆனால் வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும்.

அமெரிக்காவில் 2022 டிசம்பரில் வந்த பம்ப் சட்டப்படி, குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை தேவையானபோது இடைவேளை தர வேண்டும். அறை கழிப்பறையாக இருக்கக் கூடாது, பிறர் பார்வை படக் கூடாது, யாரும் உள்ளே வரவும் கூடாது. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்களுக்கு அந்த நேரத்துக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. சில மாநிலங்களில் உண்டு. ஜெர்மனியில் முதல் 12 மாதம் தினமும் குறைந்தது இரண்டு அரை மணி நேரம், சம்பளம் பிடிக்காமல். சுவிட்சர்லாந்தில் 7 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால், முதல் ஆண்டில் சம்பளத்தோடு 90 நிமிடம். பிரிட்டன்தான் கொஞ்சம் ஏமாற்றம்: இடைவேளைக்கென்று தனி விதி இல்லை, ஓய்வெடுக்க இடம் மட்டும் தந்தாக வேண்டும்.

மேனேஜர் ஆணாக இருந்தால் இதை எப்படிச் சொல்வது என்று பலருக்கும் கூச்சம். மெயிலில் எழுதிவிடுங்கள், ஹெச்.ஆரையும் சேர்த்து. திரும்புவதற்குச் சில வாரம் முன்பே போகட்டும். 'இன்ன தேதியில் வருகிறேன், தாய்ப்பால் கொடுக்கிறேன். உள்ளே தாழிடும் அறை, நாற்காலி, ப்ளக் பாயிண்ட், பிரிட்ஜில் சிறிது இடம் வேண்டும்; சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஆகும்' என்றால் போதும். மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம். பதில் வந்ததும் அந்த நேரங்களை காலெண்டரில் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மீட்டிங் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

'இன்று ஒருநாள் விட்டால் என்ன' என்று தள்ளிப்போட்டால் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும், காய்ச்சல் வரைக்கும் போகலாம். தவிர, எடுக்காத பால் தேங்கத் தேங்கச் சுரப்பு குறையும். பம்ப் போட்டும் பால் இறங்கவில்லையென்றால் போனில் குழந்தையின் வீடியோவைப் பாருங்கள். பதற்றம் தணிந்தால் பால் இறங்கும். பம்பில் மார்போடு பொருத்தும் புனலின் அளவு சரியாக இல்லாவிட்டாலும் காம்பு வலிக்கும், பாலும் குறையும். இரவில் நேரடியாகக் கொடுப்பதை மட்டும் நிறுத்த வேண்டாம், சுரப்பைப் பெரிதும் காப்பாற்றுவது அதுதான்.

எடுத்த பால் 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரம் தாங்கும், பிரிட்ஜில் 4 நாள். ஐஸ் பேக் வைத்த கூலர் பையில் 24 மணி நேரம். பாலின் ஆடை தனியாக மேலே மிதந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். மைக்ரோவேவ் கூடாது: சூடு ஒரே சீராகப் பரவாது, குழந்தையின் வாய் வெந்துவிடும்.

கேட்டும் அறை தர மறுத்தால், அமெரிக்காவில் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம். பிரிட்டனில் வேலையிடப் பிரச்சினைகளுக்கான ஏகாஸ் (Acas) அமைப்பு இலவசமாக ஆலோசனை சொல்லும். அப்போது நீங்கள் அனுப்பிய மெயிலைத்தான் முதலில் கேட்பார்கள்.