400 பேர், இரண்டு வாசல்: கியூஆர் குறியீட்டை வைத்து நுழைவை நடத்துவது

கல்லூரிக் கருத்தரங்கு ஒன்று. பதிவு செய்தவர்கள் 400 பேர், தொடக்கம் காலை 10 மணி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ஒரு கியூஆர் குறியீட்டுப் படத்தை முன்கூட்டியே வாட்ஸப்பில் அனுப்பி, வாசலில் அதை ஸ்கேன் செய்து உள்ளே விடுவதுதான் திட்டம். ஸ்கேனர் குறியீட்டைப் படிக்க ஒரு நொடிகூட ஆகாது. வந்தவர் வாட்ஸப்பில் அந்தப் படத்தைத் தேடி எடுப்பதற்குள்தான் வரிசை நீண்டுவிடும். ஆளுக்கு 8 நொடி என்று கணக்குப் போடுங்கள். 280 பேர் கடைசி அரைமணியில் வந்தால் ஒரே வாசலில் 37 நிமிடம் பிடிக்கும், விழா தாமதம்தான். ஆகவே இரண்டு வாசல். வரிசையின் நடுவில் ஒருவர் நின்று, "படத்தை எடுத்து வெச்சுக்குங்க, வெளிச்சத்தைக் கூட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் இன்னும் நல்லது.

குறியீட்டுக்குள் பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் எல்லாவற்றையும் திணிப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. தமிழில் 'க' என்ற எழுத்துக்கே 3 பைட் (கணினியில் தகவலை அளக்கும் அலகு). 'கி' என்றால் 6. விவரம் 120 பைட்டை எட்டினால் குறியீடு 45×45 கட்டமாகப் பொடிந்துவிடும், கீறல் விழுந்த திரையில் படிக்காது. படத்தை யார் ஸ்கேன் செய்தாலும் அந்தரங்க விவரம் தெரிந்துவிடும் என்பது வேறு. 6 இலக்க எண் ஒன்று மட்டும் போதும்: மிகச்சிறிய 21×21 கட்டத்திலேயே, 30 சதவீதம் வரை சேதம் தாங்கும் 'எச்' நிலையில் அடங்கிவிடும்.

அந்த எண்ணை 1, 2, 3 என்று வரிசையாகக் கொடுக்காதீர்கள்; அடுத்தவர் எண்ணை யாரும் ஊகித்துவிடலாம். முந்தின நாள் பதிவை மூடிவிட்டு, பட்டியலைப் புதிய கூகுள் ஷீட்டில் நகலெடுத்து, குலுக்கல் முறையில் எண் தரும் ரேண்ட்பிட்வீன் சூத்திரத்தில் 100000 முதல் 999999 வரை எண் எடுங்கள். (பூஜ்யத்தில் தொடங்கும் எண் வேண்டாம், ஷீட் அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிடும்.) எடுத்த கையோடு அந்த நெடுவரிசையை நகலெடுத்து அதே இடத்தில் 'மதிப்பு மட்டும்' என்று ஒட்டிவிட வேண்டும். மறந்தால், ஷீட்டில் எதைத் தொட்டாலும் 400 எண்ணும் மாறிவிடும். அனுப்பிய குறியீடு அத்தனையும் வீண். ஒரே எண் இருவருக்கு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

படம் உருவாக்கும்போது 'டைனமிக்' வகையைத் தவிர்த்துவிடுங்கள். அதற்குள் இருப்பது அந்தத் தளத்தின் இணைப்புதான். இலவசக் காலம் முடிந்தால் குறியீடு செத்துவிடும். வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கட்டம், சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம். அழைப்பிதழ் வடிவமைப்பவர் பூ பார்டரை அந்த வெற்றிடத்துக்குள் இழுத்துவிடுவார், கவனம். கறுப்பில் வெள்ளையாக மாற்றினால் பல ஸ்கேனர்கள் படிக்காது. படத்துக்குக் கீழே எண்ணையும் பெரிதாக அச்சிடுங்கள். ஸ்கேன் ஆகாவிட்டால் தட்டச்சு செய்துகொள்ளலாம். அனுப்பும் முன் பத்துப் படங்களை ஸ்கேன் செய்து, பெயரும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒரு நெடுவரிசையை மட்டும் அகரவரிசைப்படுத்தியிருந்தால் எல்லோருக்கும் அடுத்தவர் எண் போய்ச் சேர்ந்திருக்கும்.

வாசலில் மடிக்கணினியும் யூஎஸ்பி ஸ்கேனரும். மளிகைக்கடை லேசர் ஸ்கேனர் பார்கோடு மட்டுமே படிக்கும். '2டி இமேஜர்' என்று கேட்டு வாங்குங்கள். அது விசைப்பலகை மாதிரிதான் வேலை செய்யும்: கர்சர் இருக்கும் கட்டத்தில் எண்ணை அடித்து என்டர் தட்டும். ஷீட்டில் வாசலுக்கொரு தாள் வையுங்கள். முதல் நெடுவரிசையில் எண் விழும். இரண்டாவதில் விலுக்அப் சூத்திரம் அந்த எண்ணைப் பட்டியலில் தேடிப் பெயரைக் காட்டும். மூன்றாவதில் கவுண்ட்இஃப் சூத்திரம் அந்த எண் இரண்டு தாள்களிலும் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணி, ஒன்றுக்கு மேல் போனால் 'ஏற்கெனவே வந்தவர்' என்று காட்டும். இரு கணினிக்கும் இணையம் இருந்தால்தான் இது நடக்கும். அறுந்துவிட்டால், நண்பருக்கு ஃபார்வர்ட் செய்த அதே படம் அடுத்த வாசலில் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். அரங்கின் வைஃபையை நம்பாமல் வேறு வேறு நிறுவன சிம் போட்ட இரண்டு ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும்.

சிக்கல் வந்தவரை வரிசையில் நிறுத்தி விசாரிக்கக் கூடாது. பக்கத்திலேயே தனி மேசை, அச்சிட்ட பட்டியல். பட்டியலைப் பெயர்படி அடுக்காதீர்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா, ஆங்கிலத்தில் எப்படி எழுதினார் என்று தேடியே நேரம் போய்விடும். கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கப்படி அடுக்கினால் உடனே கிடைக்கும்.

கட்டணம் வாங்குவதாக இருந்தால் யூபிஐ குறியீட்டை வாசலில் மாட்டாதீர்கள். நுழைவுக் குறியீட்டோடு குழம்பும். 'பணம் அனுப்பிவிட்டேன்' என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டும் செல்லாது. 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை முந்தின நாளே வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்த்து, பணம் வந்தவருக்கு மட்டும் குறியீடு அனுப்புங்கள்.

சாப்பாட்டுக்குத் தனி டோக்கன் அடிக்க வேண்டாம். அதே குறியீட்டுக்கு இன்னொரு தாள் போதும். சான்றிதழுக்கு மாலையில் மறுபடி ஒரு ஸ்கேன். 11 மணிக்கு நுழைவுத் தாள்களின் கூட்டுத்தொகையைச் சமையல்காரரிடம் சொல்லிவிட்டால், இரண்டாவது உலைக்கு எவ்வளவு அரிசி என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.