சிக்னலில் நின்றுபோகும் பெட்ரோல் கார்: கோளாறைக் கண்டறியும் முறை

நன்கு சூடேறிய பெட்ரோல் என்ஜின், ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில், பெரும்பாலான கார்களில் நிமிடத்திற்கு 700 முதல் 900 சுற்றுகள் வரை சீராக ஓட வேண்டும். சுற்றுகளைக் காட்டும் மீட்டரின் முள் ஊசலாடி வண்டி நின்றுபோகுமானால், எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் காரின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவியான ஸ்கேனரைப் பொருத்திப் பிழைக் குறியீட்டைப் படியுங்கள். பி0171 என்று வந்தால், பெட்ரோலின் அளவுக்கு மேல் காற்று சேர்கிறது என்று பொருள். என்ஜினை அணைத்து ஆறவிட்டு, ஏர் ஃபில்டருக்குப் பின்னுள்ள ரப்பர்க் குழாய்கள் ஒவ்வொன்றையும் வளைத்துப் பாருங்கள். முழுதாகத் தோன்றும் குழாயின் மடிப்புக்குள்தான் நகக்கீறல் அளவு வெடிப்பு பெரும்பாலும் ஒளிந்திருக்கும். குழாய்களில் குறையில்லையெனில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். பி0300 என்றால் சிலிண்டர்களில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள்; ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். குறியீடே இல்லாவிட்டால், என்ஜினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டின் விளிம்பில் படிந்த கரியை அதற்குரிய கிளீனரால் பொறுமையாகத் துடைத்தெடுங்கள்.